மூளை ரத்தக்கசிவுக்குப் பிறகு ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது?

மூத்தவள் | முதல் நாள், இரவு 11.20

அப்பாவுக்கு 71 வயது. ஏ.எஃப். என்கிற ஒழுங்கற்ற இதயத்துடிப்பு நாலு வருடமாக இருக்கிறது, அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிட்டு வந்தார். பி.பி., சர்க்கரை இரண்டும் உண்டு. இருபத்திரண்டு நாளைக்கு முன்னால், காலையில் பல் தேய்க்கப் போனவர் என்னைக் கூப்பிட்டு, "பிரஷ்ஷைப் பிடிக்கவே முடியலம்மா" என்றார். பிரஷ் தொட்டியில் கிடந்தது. அவர் வலது கையை இடது கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிடி ஸ்கேனில் மூளையின் ஆழத்தில் இருக்கிற இடது தலாமஸில் ரத்தக்கசிவு. ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். 5.2 இருந்தது. அவருக்கு 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டியது. அதற்கு முந்தின வாரம் பல்லில் சீழ் வைத்து, பல் டாக்டர் கொடுத்த மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிட்டார். வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்று அங்கே நாங்களும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மருத்துவமனையில் வைட்டமின் கே ஊசியும், உறைதல் காரணிகள் அடங்கிய ஊசியும் போட்டு ஐ.என்.ஆரை இறக்கினார்கள். பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். பேச்சு தெளிவு, கை மெதுவாகத் திரும்புகிறது.

என் பிரச்சினை டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிற ஒரு வரி: "வார்ஃபரின் நிறுத்தப்பட்டது." எதுவரை என்று இல்லை. யார் முடிவு செய்வார்கள் என்றும் இல்லை. நரம்பு டாக்டர் இதய டாக்டரைக் கேட்கச் சொல்கிறார். அவரோ நரம்பு டாக்டர் சரி என்றால் தனக்கும் சரி என்கிறார். மாத்திரை டப்பாவில் ராத்திரிக் கட்டம் காலியாகவே இருக்கிறது. தொடங்கினால் மறுபடி கசியுமா, தொடங்காவிட்டால் இதயத்திலிருந்து ரத்தக்கட்டி கிளம்பிப் போய் மூளையில் அடைக்குமா? இதே இடத்தில் நின்றவர்கள் சொல்லுங்கள்.

இரண்டாம்_முறை | முதல் நாள், இரவு 11.58

அக்கா, என் அம்மா கதையைச் சொல்கிறேன். கசிவு நின்று ஒன்பது வாரம் கழித்து மாத்திரையைத் திரும்பத் தொடங்கினோம். ஐந்தாவது மாதம் மறுபடி கசிந்தது. முதல் தடவை அம்மா நடந்து வீட்டுக்கு வந்தார். இரண்டாவது தடவை வந்தது ஸ்ட்ரெச்சரில். இப்போது எங்களை அடையாளம் தெரிகிறது, பெயர் வருவதில்லை.

யார் என்ன சொன்னாலும் தொடங்காதீர்கள் என்றுதான் கை எழுதத் துடிக்கிறது. மூளையில் ஒரு தடவை கசிந்த ரத்தக்குழாய்க்கு இன்னொரு சோதனை வைக்க வேண்டாம்.

காத்திருந்தவன் | இரண்டாம் நாள், காலை 6.10

மேலே எழுதிய தம்பியின் வேதனை எனக்குப் புரிகிறது. என் வீட்டில் நடந்தது நேர் எதிர். அப்பாவுக்கு ஏ.எஃப்., கசிவு சின்னது. மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த சந்திப்பில் பார்க்கலாம் என்றார்கள். அந்தச் சந்திப்பு தள்ளிப்போனது, அடுத்ததில் வேறு டாக்டர் இருந்தார், அவர் பழைய சீட்டைப் பார்த்து அப்படியே எழுதிக் கொடுத்தார். பதினொரு மாதம். வேண்டாம் என்று யாரும் முடிவு எடுக்கவில்லை, யாரும் முடிவே எடுக்கவில்லை. பதினொன்றாவது மாதம் பெரிய அடைப்புப் பக்கவாதம் வந்தது. நாலு நாள் இருந்தார்.

எனக்கு இன்றும் ஆறாத இடம் அதுதான். யோசித்து, தெரிந்து, வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தால் மனசு ஏற்றுக்கொண்டிருக்கும். ஆகவே நான் சொல்வது ஒன்றே ஒன்று. தொடங்குவதோ விடுவதோ பிறகு. முடிவு எடுக்கிற தேதி ஒன்றைக் காகிதத்தில் வாங்கிவிடுங்கள்.

நரம்பியல்_பயிற்சி | இரண்டாம் நாள், காலை 7.45

நான் நரம்பியல் மேற்படிப்பில் இருக்கிறேன். நோயாளியைப் பார்க்காமல் தொடங்குங்கள், தொடங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மேலே இரண்டு பேரும் சொன்னது இரண்டும் உண்மை. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

முதலில் கேட்க வேண்டியது, கசிவு மூளையில் எந்த இடத்தில் என்பது. தலாமஸ், பேசல் கேங்லியா மாதிரி ஆழமான பகுதிகளில் வருகிற கசிவு பெரும்பாலும் நீண்டகால பி.பி.யால் சின்னக் குழாய்கள் பழுதாகி வருவது. மூளையின் மேற்பரப்பை ஒட்டிய மடல் பகுதியில், அதுவும் வயதானவர்களுக்கு வந்தால், அமிலாய்டு என்கிற புரதம் குழாய்ச் சுவரில் படிந்து அதை நொறுங்கும்படி ஆக்கியிருக்கலாம். இந்த இரண்டாவது வகை திரும்பத் திரும்பக் கசியும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அமிலாய்டு தொடர்பான கசிவு திரும்ப வருவது ஆண்டுக்குச் சுமார் 7 சதவீதம், மற்றவற்றில் சுமார் 1 சதவீதம். மாத்திரை இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், இரண்டும் வேறு வேறு நோய்கள். "மூளையில் ரத்தக்கசிவு" என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் ஒரு வீட்டு அனுபவத்தை இன்னொரு வீட்டுக்குப் பொருத்திவிடுகிறோம்.

இரண்டாம்_முறை, உங்கள் அம்மாவின் கசிவு எந்தப் பகுதியில் என்று சம்மரியில் இருக்கிறதா?

இரண்டாம்_முறை | இரண்டாம் நாள், காலை 8.02

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முதல் தடவை வலது பக்கவாட்டு மடல். இரண்டாவது தடவை இடது பின்மடல். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் "பல இடங்களில் நுண்கசிவுகள்" என்று இருக்கிறது. அந்த வரியை யாரும் எங்களுக்கு விளக்கவில்லை.

நரம்பியல்_பயிற்சி | இரண்டாம் நாள், காலை 8.30

வருத்தமாக இருக்கிறது. அது அமிலாய்டு வகையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடோக்ஸபான் என்ற உறைவுத் தடுப்பு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த என்ரிச்-ஏ.எஃப். என்ற ஆய்வில், மடல் பகுதியில் கசிந்தவர்களுக்கு மறுபடி கசிவு கூடியதால், அந்த வகை நோயாளிகளைச் சேர்ப்பதையே பாதியில் நிறுத்தினார்கள். ஆழமான கசிவுக்காரர்களுக்கு ஆய்வு தொடர்ந்தது.

மூத்தவள், அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா? சிடியில் புதிய ரத்தம் தெரியும். பழைய நுண்கசிவும், மேற்பரப்பில் படிந்த பழைய ரத்தக் கறையும் எம்.ஆர்.ஐ.யில் எஸ்.டபிள்யூ.ஐ. என்ற படத்தொடரில்தான் தெரியும். தலாமஸ் என்பதால் அமிலாய்டு இல்லை என்று முடிவுகட்ட முடியாது, இரண்டு பழுதும் ஒருவருக்கே இருக்கலாம்.

மூத்தவள் | இரண்டாம் நாள், மதியம் 1.15

எடுக்கவில்லை, சிடி மட்டும்தான். மூன்று தடவை.

எல்லோருக்கும் நன்றி. இரண்டாம்_முறை தம்பி, உன் பதிவைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. ஆனால் நீ எழுதியது நல்லதுதான். அம்மாவுக்கு எங்கள் எல்லோர் பிரார்த்தனையும்.

மாத்திரை_அலமாரி | இரண்டாம் நாள், மாலை 4.40

மருந்தாளுநராகப் பதினெட்டு வருடம். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

"ரத்தத்தை மெலிய வைக்கும் மாத்திரை" என்று நாமெல்லாம் சொல்கிறோம். ரத்தம் ஒன்றும் தண்ணீராவதில்லை, அது உறைய எடுக்கும் நேரம் கூடுகிறது, அவ்வளவுதான். மெலிந்த ரத்தம் தானாகக் குழாயை உடைத்துக்கொண்டு வரும் என்ற பயம் அந்தப் பெயரிலிருந்து வருகிறது. குழாயை உடைப்பது பி.பி.யும் பழுதான சுவரும். உடைந்த பிறகு கசிவு நிற்காமல் பெரிதாவதற்குத்தான் இந்த மாத்திரை வழிவிடுகிறது.

இன்னொன்று, உங்கள் அப்பாவுக்கு நடந்ததில் மெட்ரோனிடசோலின் பங்கை லேசாக விட்டுவிடாதீர்கள். கல்லீரலில் வார்ஃபரினை உடைக்கிற நொதியை அது தடுக்கிறது, அதனால் அதே மாத்திரை அளவுக்கு ஐ.என்.ஆர். தாறுமாறாக ஏறும். ஃப்ளுகோனசோல், கோ-டிரைமாக்சசோல், அமியோடரோன் என்கிற மருந்துகள் எல்லாம் இதே வேலையைச் செய்யும். இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அளவு மீறிய ஐ.என்.ஆரில் வந்த கசிவு வேறு, 2.3இல் இருக்கும்போது வந்த கசிவு வேறு. முதலாவதில் திருத்திக்கொள்ளக்கூடிய ஒரு காரணம் கையில் கிடைத்திருக்கிறது.

சின்னவன்_வீடு | இரண்டாம் நாள், மாலை 6.05

ஒரு கேள்வி. மாத்திரைக்குப் பதில் இப்போதைக்குத் தினம் ஒரு ஆஸ்பிரின் கொடுத்தால் நடுவழியாக இருக்காதா? எங்கள் மாமாவுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள்.

நரம்பியல்_பயிற்சி | இரண்டாம் நாள், இரவு 9.20

நடுவழி மாதிரி தெரியும், ஏ.எஃப். விஷயத்தில் அப்படி இல்லை. 2011இல் வந்த அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் ஒத்துவராத ஏ.எஃப். நோயாளிகளில் பாதிப் பேருக்கு அபிக்ஸபான் என்ற புது வகை உறைவுத் தடுப்பு மாத்திரையும் மீதிப் பேருக்கு ஆஸ்பிரினும் கொடுத்தார்கள். பக்கவாதமும் உடம்பின் மற்ற இடங்களில் அடைப்பும் ஆஸ்பிரின் பக்கம் ஆண்டுக்கு 3.7 சதவீதம், அபிக்ஸபான் பக்கம் 1.6. பெரிய ரத்தப்போக்கு இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதயத்தின் மேலறையில் ரத்தம் தேங்கி உருவாகிற கட்டியை ஆஸ்பிரின் சரியாகத் தடுப்பதில்லை.

ஆனால் ஸ்டென்ட் வைத்தவர்கள், முன்பு மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பிரின் சாப்பிடும்போது கசிவு வந்தால், அது தனிக் கேள்வி. ரீஸ்டார்ட் என்ற பிரிட்டன் ஆய்வு 2019இல் வெளியானது, 537 பேர். திரும்பத் தொடங்கியவர்களில் 12 பேருக்கு மறுபடி கசிந்தது, தொடங்காதவர்களில் 23 பேருக்கு. எல்லோரும் எதிர்பார்த்த அளவு ஆபத்து அதில் தெரியவில்லை. மாமாவுக்கு எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

வால்வுக்காரர் | மூன்றாம் நாள், காலை 5.50

என் நிலைமை வேறு, ஆனால் யாராவது தேடி வந்து படிக்கலாம் என்பதற்காக எழுதுகிறேன். இதயத்தில் மைட்ரல் இடத்தில் உலோக வால்வு, 16 வருடமாக. போன வருடம் மூளையில் கசிவு. எனக்கு எட்டு வாரம் காத்திருக்க முடியாது என்றார்கள். வால்விலேயே கட்டி உட்கார்ந்தால் மூளைக்குப் போகும், வால்வும் சிக்கி நின்றுவிடும். சீக்கிரம் தொடங்கினால் கசிவு பெரிதாகும். இரண்டு வாரத்துக்கு முன்னால் தொடங்குவதில் கசிவு அபாயம் கூடுதல் என்று எனக்குச் சொன்னார்கள்.

பதின்மூன்றாம் நாள் சிடி எடுத்து, கசிவு பெரிதாகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவமனையிலேயே படுக்கவைத்து, ரத்தம் உறைவதைத் தடுக்கிற ஹெபாரின் மருந்தைச் சொட்டாக ஏற்றினார்கள். ஏன் ஹெபாரின் என்று கேட்டேன். "தப்பாகப் போனால் குழாயை மூடிவிடலாம், சில மணி நேரத்தில் போய்விடும், முறிக்க மருந்தும் இருக்கிறது" என்றார் டாக்டர். ராத்திரி முழுக்க ஒரு மணிக்கு ஒரு தடவை நர்ஸ் வந்து கண்ணில் டார்ச் அடிப்பார், கையைத் தூக்கச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கை தூக்கியதும் நானே அதைப் பார்த்துக்கொள்வேன், இன்னும் தூக்குகிறது என்று. அப்புறம் மெதுவாக வார்ஃபரினுக்கு மாற்றினார்கள்.

புது மாத்திரைகளுக்கு மாறலாமே என்று உலோக வால்வுக்காரர்களிடம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டாபிகாட்ரான் என்ற புது மாத்திரையை உலோக வால்வில் சோதித்த ஆய்வை, கட்டியும் ரத்தப்போக்கும் கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். நமக்கு இன்றும் வார்ஃபரின் வகைதான்.

காத்திருந்தவன் | மூன்றாம் நாள், காலை 9.00

நரம்பியல் சகோதரருக்கு ஒரு கேள்வி. மாரடைப்பு, ஸ்டென்ட் எல்லாம் விடுங்கள். மூத்தவளின் அப்பா மாதிரி ஏ.எஃப். உள்ளவர்களைக் கசிவுக்குப் பிறகு நேராக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? எங்களிடம் அன்று "ஆதாரம் இல்லை" என்று மட்டும் சொன்னார்கள்.

நரம்பியல்_பயிற்சி | மூன்றாம் நாள், இரவு 10.15

அன்று சொன்னது ஓரளவு சரிதான். இப்போது கொஞ்சம் இருக்கிறது, ஆனால் எல்லாம் சின்ன ஆய்வுகள்.

சோஸ்டார்ட், 2021, 203 பேர். தொடங்கியவர்களில் 8 பேருக்கு மறுபடி கசிவு, தொடங்காதவர்களில் 4 பேருக்கு. அதே வருடம் நெதர்லாந்தின் அப்பாச்சி-ஏ.எஃப்., 101 பேர், இரண்டு பக்கமும் பக்கவாதமும் ரத்தக்குழாய் தொடர்பான மரணமும் ஏறக்குறைய சமம். 2025இல் பிரெஸ்டீஜ்-ஏ.எஃப்., 319 பேர். அதன் எண்கள்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தன. மாத்திரை எடுத்த 158 பேரில் ஒருவருக்கு மட்டும் அடைப்புப் பக்கவாதம். எடுக்காத 161 பேரில் இருபது பேருக்கு. ஆனால் மறுபடி கசிவு, எடுத்தவர்களில் 11, எடுக்காதவர்களில் 1.

இந்த இரண்டு வரியைச் சேர்த்துப் படியுங்கள். மாத்திரை அடைப்பைத் தடுக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. அதற்கு விலையும் இருக்கிறது, அதிலும் சந்தேகமில்லை. அதனால் யாருக்கு அந்த விலை குறைவு என்று தேடுவதுதான் டாக்டர்களின் வேலை. ஆழமான கசிவு, நுண்கசிவுகள் இல்லை அல்லது மிகக் குறைவு, பி.பி. கட்டுக்குள், கசிவுக்குத் திருத்தக்கூடிய காரணம், இதெல்லாம் தொடங்கலாம் என்ற பக்கம் தராசைச் சாய்க்கும். அடைப்பு வாய்ப்பைக் கணக்கிட சாட்ஸ்-வாஸ்க் மதிப்பெண் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு 65க்கு மேல் என்று ஒன்று, பி.பி.க்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ஆக 3. முன்பே அடைப்புப் பக்கவாதம் வந்திருந்தால் அதற்கு மட்டும் 2 கூடும்.

எப்போது என்பதற்கு, அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், ஏ.எஃப். உள்ளவர்களுக்கு ஏறக்குறைய ஏழெட்டு வாரம் கழித்துத் தொடங்குவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. "பரிசீலிக்கலாம்" என்ற மென்மையான சொல்லைக் கவனியுங்கள், கட்டளை இல்லை.

சின்னவன்_வீடு | நான்காம் நாள், காலை 7.30

இதையெல்லாம் படித்தபிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மாமா வீட்டில் பழைய வார்ஃபரின் அட்டை மீதி இருந்தது. பத்தாவது நாளே "எதற்கும் பாதி மாத்திரை போட்டுக்கொள்ளட்டும்" என்று நாங்களாகவே இரண்டு நாள் கொடுத்தோம். டாக்டருக்குத் தெரியாது. மூன்றாம் நாள் தலைவலி என்றதும் பயந்து நிறுத்திவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மாத்திரை_அலமாரி | நான்காம் நாள், காலை 8.10

இதை எழுதியதற்கு நன்றி, நிறைய வீடுகளில் நடக்கிறது. நடந்ததை டாக்டரிடம் தேதியோடு சொல்லிவிடுங்கள், தலைவலியையும் சேர்த்து. மீதி அட்டையை வீட்டில் வைக்காமல் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். கூடவே டைக்லோஃபெனாக், இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளையும் அலமாரியிலிருந்து எடுத்துவிடுங்கள். பிசியோதெரபி நடக்கும் காலத்தில் தோள்வலி வரும், வீட்டில் இருப்பதை யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். எந்த வலி மாத்திரையானாலும் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மூத்தவள் | ஐந்தாம் நாள், இரவு 10.40

இரண்டு டாக்டரையும் ஒரே நேரத்தில் பேச வைத்தேன். இதய டாக்டர் அறையில் உட்கார்ந்துகொண்டு நரம்பு டாக்டரின் எண்ணை அழுத்தி, போனை ஸ்பீக்கரில் வைத்து மேஜையில் வைத்துவிட்டேன். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்துக்காக மூன்று வாரம் அலைந்திருக்கிறேன்.

மெட்ரோனிடசோல் விஷயம் இருவருக்குமே தெரியாது. அதைச் சொன்னதும் பேச்சின் திசையே மாறியது. ஆறாவது வாரம் எஸ்.டபிள்யூ.ஐ.யோடு எம்.ஆர்.ஐ., எட்டாவது வாரம் முடிவு. தேதி சீட்டில் எழுதப்பட்டிருக்கிறது, இருவர் பெயரும் இருக்கிறது. அதுவரை பி.பி. 130/80க்குக் கீழே. காலையும் மாலையும் அளந்து எழுதச் சொன்னார்கள்.

காத்திருந்தவன் அண்ணா, தேதியைக் காகிதத்தில் வாங்கிவிட்டேன்.

இரண்டாம்_முறை | ஆறாம் நாள், காலை 6.20

அக்கா, முதலில் எழுதியதைத் திருத்துகிறேன். "யார் சொன்னாலும் தொடங்காதீர்கள்" என்றது என் அம்மாவுக்கு மட்டும் பொருந்துகிற பேச்சு. அம்மாவுக்கும் ஏ.எஃப். இருக்கத்தான் செய்கிறது. மாத்திரை இல்லாமல் எப்படிப் பாதுகாப்பது என்று யாராவது சொல்வீர்களா?

நரம்பியல்_பயிற்சி | ஆறாம் நாள், மதியம் 2.00

இதயத்தின் இடது மேலறையில் விரல் நுனி மாதிரி ஒரு சின்னப் பை இருக்கிறது. வால்வு நோய் இல்லாத ஏ.எஃப்.இல் பத்தில் ஒன்பது கட்டி அந்தப் பைக்குள்தான் உருவாகிறது. தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்தி அதன் வாயை ஒரு சாதனத்தால் அடைக்கிற முறை உண்டு. வாட்ச்மேன் என்ற சாதனத்துக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது. நீண்டகால மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. சாதனத்தின் மேல் உடம்பின் திசு வளர்ந்து மூடும்வரை சில வாரமோ சில மாதமோ ஏதாவது ஒரு உறைவுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அம்மாவுக்கு அந்த இடைக்காலத்தில் எது, எத்தனை நாள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அதோடு பி.பி. குறைத்தலை எதற்காகவும் விடாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களை வைத்து நடந்த புரோக்ரெஸ் என்ற பெரிய ஆய்வில், பி.பி. மாத்திரையால் மூளைக் கசிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அமிலாய்டு இருப்பவர்களுக்கும் அதில் பலன் தெரிந்தது.

மூத்தவள் | ஆறாவது வாரம், மாலை 5.25

எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. ஆழமான பகுதியில் இரண்டு நுண்கசிவு, மேற்பரப்பில் ஒன்றும் இல்லை, பழைய ரத்தக் கறையும் இல்லை. பி.பி. நோட்டில் கடைசிப் பத்து நாள் சராசரி 126/78. அப்பா இடது கையால் எழுதத் தொடங்கி, இப்போது வலது கையால் கோணல்மாணலாக அவரே எழுதுகிறார்.

மூத்தவள் | எட்டாவது வாரம், இரவு 9.15

இன்று தொடங்கினோம். வார்ஃபரின் இல்லை, அபிக்ஸபான் 5 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. வார்ஃபரினை விட இந்த வகையில் மூளைக் கசிவு பாதியளவுதான் என்று இதய டாக்டர் சொன்னார். 2.5 போதாதா என்று பயத்தில் கேட்டேன். 80 வயது அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் குறைப்பார்களாம். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. பயத்தில் குறைத்தால் கசிவு குறையும் என்று நிச்சயமில்லை, அடைப்பைத் தடுப்பதும் போய்விடும் என்றார்.

தொடங்குவதற்கு முன்னால் அப்பாவிடமே கேட்டார்கள். இத்தனை வாரம் நாங்கள் எல்லோரும் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம், அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "கை போனப்பவே பயந்தாச்சு. பேச்சும் சேர்ந்து போறதுதான் எனக்குப் பயம், அதைத் தடுக்குமா?" என்றார். பெரிய அடைப்பைத் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு, கசிவு வராது என்று உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "சரி" என்றார்.

பர்ஸில் வைக்க ஒரு அட்டை எழுதியிருக்கிறேன்: மருந்தின் பெயர், அளவு, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மூளைக் கசிவு வந்த தேதி. பல் டாக்டரிடம் போனால் முதலில் இந்த அட்டை.

மாத்திரை_அலமாரி | எட்டாவது வாரம், இரவு 9.50

நல்லது அம்மா. சிறுநீரகப் பரிசோதனை அடுத்து எப்போது என்று எழுதிக்கொண்டீர்களா? அபிக்ஸபான் அளவு அதைப் பொறுத்தது. கடைசி அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள், ஒரு நாள் விட்டாலும் பாதுகாப்பு போய்விடும்.

மூத்தவள் | எட்டாவது வாரம், இரவு 10.05

மூன்று மாதத்தில். தேதியும் சீட்டில் இருக்கிறது. ராத்திரி மாத்திரை 9 மணிக்குப் போட்டாயிற்று, அவரே கட்டத்தைத் திறந்து எடுத்தார்.